திறப்பு யார் கையில்?

இக்காலத்து வைத்தியசாலை ஒன்றின் விறாந்தையிலோ நூலகம் ஒன்றின் வாசிப்பு மண்டபத்திலோ சற்று அண்ணாந்து பார்க்கும் வழக்கமுள்ள வாசகர்கள், கூரையிலே சாப்பாட்டுக் கோப்பை அளவான வெண்ணிறப் பெட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். அதிலே பச்சையாகவோ நீலமாகவோ சிறு விளக்கொன்று எரியும். வைபை என்று வீட்டுக் குழந்தைகளும் அறிந்திருக்கும் கம்பியில்லா இணைப்பை அறைக்கு அறை வழங்குவது அப்பெட்டியே. அணுகற்புள்ளி என்பது அதன் பெயர். அதன் இருப்பை அறிந்தோர் பலர். அதற்கு எசமான் ஒருவன் உண்டு என்பதை அறிந்தோர் சிலர். அந்த எசமானின் வீட்டுத் திறப்பு எவரிடம் இருக்கிறது என்று கேட்டவர்களோ மிகச் சிலர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அத்தகைய திறப்புகளைக் காப்பதையே பிழைப்பாகக் கொண்டவன் என்ற முறையில் அதுபற்றிச் சில கூற விழைகின்றேன்.

அந்த எசமான் யார் என்பதை முதலிற் சொல்லிவிடுதல் நன்று. கம்பியில்லா வலையமைப்புகள் கந்தோர்களுள் நுழைந்த தொடக்க ஆண்டுகளில் ஒவ்வோர் அணுகற்புள்ளியும் தனிக்குடித்தனம் நடத்தியது. அதற்கென்று ஒரு முகவரி, அதற்கென்று ஒரு கடவுச்சொல், அதற்கென்று ஓர் ஒழுங்கமைப்பு. நாற்பது பெட்டிகள் உள்ள கட்டடத்தில் ஒரு சொல்லை மாற்றவேண்டின் நாற்பது முறை ஒரே வேலையைச் செய்தல் வேண்டும். முப்பத்தேழாவது பெட்டியில் ஓர் எழுத்துத் தவறினால் அந்த மூலை அறைக்காரர் பிற்பகல் முழுவதும் முறைப்பாடு செய்துகொண்டிருப்பார். இவ்வல்லலைத் தீர்ப்பதற்கென்றே பெட்டிகளின் மூளையை எடுத்து நடுவில் ஓரிடத்தில் வைக்கும் எண்ணம் எழுந்தது. 2001ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தோன்றி எயர்ஸ்பேஸ் என்ற பெயரால் அறியப்பட்ட நிறுவனம் இவ்வழியில் முன்னின்றவற்றுள் ஒன்று. 2005இல் சிஸ்கோ நிறுவனம் ஏறத்தாழ 45 கோடி டொலருக்கு அதனை வாங்கிக்கொண்டது. நடுவிலே அமர்ந்த அந்த இயந்திரத்தை நூல்களிற் கட்டுப்படுத்தி என்று எழுதுவர். எங்கள் தொழிலில் எவரும் அவ்வாறு சொல்வதில்லை. கொன்ரோலர் என்பதே வழக்கு.

கூரையிலுள்ள பெட்டிகள் யாவும் இந்தக் கொன்ரோலரிடம் கேட்டே நடக்கும். எந்த அலைவரிசையிற் பேசுவது, எந்தப் பெயரை அறிவிப்பது, எவரை அனுமதிப்பது, எவரைத் தள்ளுவது என்ற அனைத்தும் அங்கிருந்தே வருகின்றன. இவ்விரண்டும் பேசிக்கொள்ளும் மொழிக்குக் காப்வாப் என்று பெயர். 2009இல் அது பொது நியமமாக வெளியாயிற்று. சிஸ்கோவின் 8540 என்னும் கொன்ரோலர் ஒன்று 6000 அணுகற்புள்ளிகளையும் 64,000 பயனாளரையும் ஆளவல்லது. ஒரு சிறு பட்டணத்தின் சனத்தொகை அது. அலுமாரியின் ஒரு தட்டில் அடங்கிவிடும் பெட்டிக்கு இத்துணை ஆட்சி உண்டென்றால், அதனுள்ளே நிருவாகியாக நுழைபவனின் ஆட்சி எத்தகையது என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

ஆயினும் ஊகத்துக்கு விட்டுவிட நான் விரும்பவில்லை. கொன்ரோலருள் நிருவாகியாக நுழைந்த ஒருவன், அக்கட்டடத்திலே புதிய வலையமைப்பு ஒன்றை, பழையதன் பெயரை ஒத்த பெயரோடு தோற்றுவிக்கலாம். விருந்தினருக்குக் காட்டப்படும் நுழைவுப் பக்கத்தை மாற்றி, அவர்கள் தட்டச்சிடும் யாவற்றையும் தன்வசம் திருப்பலாம். அணுகற்புள்ளி ஒன்றை ஒட்டுக்கேட்கும் கருவியாக மாற்றலாம்; அதற்கென்று ஒரு நிலையே அதில் உண்டு. இவையெல்லாவற்றிலும் என்னை அதிகம் அச்சுறுத்துவது வேறொன்று. எந்தக் கைபேசி எந்தப் பெட்டியோடு எத்தனை மணிக்குச் சேர்ந்தது, எப்போது அடுத்த பெட்டிக்கு மாறிற்று என்ற விபரம் கொன்ரோலரில் வரிவரியாக இருக்கிறது. வைத்தியசாலை ஒன்றிலே ஒரு பெண் எந்தச் சிகிச்சைப் பிரிவின் வாயிலில் எவ்வளவு நேரம் காத்திருந்தாள் என்பதை, அவளை ஒருபோதும் பார்த்திராத ஒருவன், மேசையில் இருந்தபடியே சொல்லிவிடலாம். கடவுச்சொல்லைப் பற்றிப் பேசுங்கால் நாம் உண்மையிற் பேசுவது அந்தப் பெண்ணைப் பற்றியே.

சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையிலே மதுரை மதில்மேல் இருந்த பொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொல்லப்படுவதைப் படித்தவர்கள், அத்துணைப் பொறிகள் காத்த நகரத்துள் எவன் நுழைந்திருக்க முடியும் என்று வியந்திருப்பார்கள். இக்காலத்துக் கம்பியில்லா வலையமைப்பின் காவல் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அந்த மதிலைப் பற்றியே பேசுகிறார்கள். காற்றிலே செல்லும் செய்தியை மறைக்கும் முறைகள் பல வந்துவிட்டன. 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யு.பி.ஏ.-3 அவற்றுட் புதியது. அவை வேண்டியவையே. ஆனால் மதிலின் பின்புறத்தில், அரண்மனைப் பணியாளர் வந்துபோகும் சிறு வாயில் ஒன்று உண்டு. அதனைப் பற்றிய பேச்சு அரிது. உழிஞைக்கும் நொச்சிக்கும் இலக்கணம் வகுத்த நம்முன்னோர், முற்றுகையிடுபவனையும் அகத்திருப்பவனையும் கருத்திற் கொண்டனர். பணியாளர் வாயிலின் திறப்பைக் கதவடியிலே வைத்துவிட்டு ஊருக்குப் போனவனுக்குத் துறை வகுக்கவில்லை.

வாயில்கள் எத்தனை என்று பார்ப்போம். பழைய சிஸ்கோ கொன்ரோலர்களை எடுத்துக்கொள்கின்றேன். நமது நாட்டிலே இன்றும் பலவிடங்களில் அவற்றைக் காணலாம். முதலாவது, பெட்டியின் முகப்பிலேயே உள்ள கொன்சோல் துவாரம். ஒரு கம்பியை நேரே அதிற் செருகி, செக்கனுக்கு 9600 என்னும் மந்தமான வேகத்திற் பேசவேண்டும். வலையமைப்பு முழுவதும் படுத்துவிட்டாலும் இந்த வழி திறந்திருக்கும். இரண்டாவது, சேவைத் துவாரம் என்பது. நிருவாகத்துக்கென்றே தனியாக இழுக்கப்பட்ட கம்பியில் அதனை இணைப்பர். மூன்றாவது, நிருவாக முகவரி. நாள்தோறும் நாங்கள் நுழையும் வாயில் அதுவே. அணுகற்புள்ளிகளின் பேச்சும் அந்த வழியாகவே வருவதுண்டு. ஆகையால் அதனை அடியோடு மூடிவைத்தல் இயலாது. எவர் வரலாம் என்று காவல் வைக்கலாம்.

நான்காவது ஒன்று உண்டு. அது மெய்நிகர் முகவரி எனப்படும். வாயில் என்று அதனைச் சொல்லுதல் பொருந்தாது. விருந்தினரை நுழைவுப் பக்கத்துக்குத் திருப்புவது போன்ற உள்வேலைகளுக்காகக் கொன்ரோலர் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் புனைபெயர் அது. வெளியுலகில் எவரும் அந்த முகவரியைத் தேடிச் செல்லுதல் கூடாது. அக்காலத்தில் 1.1.1.1 என்ற எண்ணை எவரும் பயன்படுத்தவில்லை, எழுதவும் இலகு. எனவே உலகெங்கும் பொறியியலாளர் அதனையே இட்டுவந்தனர். ஒருவர் இட்டதைப் பார்த்து மற்றவர் இட்டார். இத்தகைய உதாரணப் பாவனைக்கென்றே 192.0.2 என்று தொடங்கும் முகவரிகள் ஒதுக்கப்பட்டுள்ளன என்பது 2010இல் எழுத்திலேயே உறுதியாயிற்று; அதனை எவர் படித்தார்! 2018ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் நாள், கிளவுட்பிளேயர் என்னும் நிறுவனம் அதே 1.1.1.1 என்ற முகவரியிலே உலகுக்கெல்லாம் பொதுவான பெயர்த்தேடற் சேவை ஒன்றைத் தொடங்கிற்று. முட்டாள்கள் தினத்துப் பகிடி என்று எண்ணியவர்களும் உளர். அச்சேவையை நாடிய பலர் தத்தம் நிறுவனத்துக் கொன்ரோலரின் வாசலிலே போய் முட்டிக்கொண்டு நின்றனர். எவனோ ஒருவன் எப்போதோ சோம்பலினால் இட்ட எண் ஆண்டுகள் பல கழிந்தும் வேறொருவனின் வழியை மறிக்கின்றது என்பதற்கு இதனிலும் சிறந்த சான்றை நான் கண்டிலேன்.

வாயிலைக் கடந்து எங்ஙனம் பேசுவது என்பது அடுத்த கேள்வி. பழைய வழி ரெல்நெற். 1969ஆம் ஆண்டிலேயே அதன் வித்து இடப்பட்டது. கணினிகளின் தொகையே சிறிதாக இருந்த, ஒருவரை ஒருவர் அறிந்திருந்த காலம் அது. ரெல்நெற் வழியாகச் செல்லும் கடவுச்சொல், தபாலட்டையில் எழுதிய செய்தியைப் போன்றது. வழியில் உள்ள எவரும் படிக்கலாம். பின்லாந்து நாட்டிலே எல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து வலையமைப்பில் 1995இல் எவனோ ஒருவன் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திரட்டிவிட்டான். அங்கு ஆய்வாளராக இருந்த ராட்டு யுலோனன் என்பவர் அந்நிகழ்ச்சியினாற் தூண்டப்பெற்று, பேச்சு முழுவதையும் மறைத்து அனுப்பும் வழியொன்றை எழுதி அவ்வாண்டிலேயே உலகுக்கு இலவசமாக வழங்கினார். இன்று எஸ்.எஸ்.எச். என்று நாம் வழங்குவது அதன் வழிவந்ததே. ரெல்நெற்றின் இலக்கம் 23; கோப்புக்களை அனுப்பும் எப்.ரி.பி.யின் இலக்கம் 21. இடையிலே வெறுமையாக இருந்த 22ஐக் கேட்டு வாங்கிக்கொண்டார். பழைய இரண்டின் இடத்தையும் பிடிப்பது அவர் நோக்கமாதலின் அந்த இலக்கம் பொருத்தமாகவே அமைந்தது. இத்தனை ஆண்டுகள் சென்றபின்னும் ரெல்நெற் திறந்திருக்கும் கொன்ரோலர்களை நான் கண்டதுண்டு. கேட்டால், முன்பிருந்தே அப்படி இருக்கிறது என்பார்கள்.

கம்பியில்லா வழியாகவே கொன்ரோலரை நிருவகித்தல் ஆகுமா என்ற வினாவும் உண்டு. பழைய சிஸ்கோ கொன்ரோலர்களில் இயல்பாகவே அந்த வழி அடைக்கப்பட்டிருக்கும், வேண்டுவோர் திறக்கலாம். ஒரு நிறுவனத்தில் அதன் தலைவர் என்னை அழைத்தார். நல்ல மனிதர், விடயங்களை அறியும் ஆவலுடையவர்.

"தம்பி, என்ரை போனிலையிருந்தே எல்லாத்தையும் பார்க்கக்கூடியதாய்ச் செய்து விடுமன். நான் சும்மா கதிரையிலை இருக்கிற நேரத்திலை பார்ப்பன்."

"செய்யலாம் ஐயா. ஆனால் உங்கடை போன் வாற வழியாலைதான் வெளி வாங்கிலை இருக்கிற சனத்தின்ரை போனும் வருது."

"அதுகளுக்குப் பாஸ்வேர்ட் தெரியாதே!"

"கதவு எங்கை இருக்கெண்டு தெரிஞ்சால் ஐயா, தட்டிப் பார்க்க விடியவிடிய நேரம் இருக்கு."

அவர் சிறிது நேரம் யோசித்தார். பின்னர், பார்வையிடும் உரிமை மட்டும் உள்ள கணக்கொன்றை அவரது மேசைக் கணினியில் அமைத்துக் கொடுத்தேன். அதில் எந்த மாற்றமும் செய்ய இயலாது. இரண்டு கிழமை ஆர்வத்தோடு பார்த்தார் என்று கேள்வி.

இனிக் கணக்குகளைப் பற்றிச் சொல்லவேண்டும். என் அனுபவத்திற் கேடுகள் மிகுதியாக விளையும் நிலம் இதுவே. கொன்ரோலரின் உள்ளூர்க் கணக்குகள் மூவகை. ஒன்று அனைத்தும் செய்வது. மற்றொன்று பார்க்க மட்டும் வல்லது. மூன்றாவது வரவேற்பாளர் கணக்கு. விடுதியின் முன்மேசையில் இருப்பவர், வரும் விருந்தினருக்கு ஓரிரு நாள் செல்லுபடியாகும் நுழைவுச்சீட்டை ஆக்கிக்கொடுப்பதற்கு உரியது அது. அதற்குமேல் எதனையும் தொட முடியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் நடைமுறையில் நான் கண்டது யாது? முன்மேசைப் பிள்ளை தொடங்கி ஒப்பந்தக்காரரின் உதவியாளர் ஈறாக யாவரும் 'அட்மின்' என்ற ஒரே பெயராலேயே நுழைவர். பழைய பெட்டிகளிற் பிறவிக் கடவுச்சொல்லும் அதே 'அட்மின்' என்பதே. பெயரும் அது, இரகசியமும் அது!

பலர் ஒருவராக நுழைவதில் உள்ள தீங்கு, களவு மாத்திரமன்று. 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. கல்விக்கழகத்திலே பலர் பகிர்ந்து பயன்படுத்திய சி.ரி.எஸ்.எஸ். என்னும் கணினியில் நிகழ்ந்தது இது. நிருவாகிகள் இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்தனர். ஒருவர் அன்றைய வரவேற்புச் செய்தியையும் மற்றவர் கடவுச்சொற் கோப்பையும் திருத்திக்கொண்டிருந்தனர். ஓரிடத்தில் ஒருவரே வேலை செய்வார் என்ற எண்ணத்துடன் ஆக்கப்பட்டிருந்த அந்தத் திருத்தி, இருவரின் தற்காலிகக் கோப்புக்கும் ஒரே பெயரை இட்டது. இரண்டும் இடம் மாறின. அதன்பின் நுழைந்த ஒவ்வொருவருக்கும் வரவேற்புச் செய்தியாக எல்லோருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன. கடவுச்சொல்லின் வரலாற்றிலே முதல் அத்தியாயங்களில் ஒன்று இவ்வாறு அமைந்தது.

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் அளவான உரிமை, செய்ததற்கெல்லாம் ஒரு பதிவு என்ற மூன்றையும் பெறுவதற்காகக் கணக்குகளை வேறொரு சேவையகத்தில் வைக்கும் வழக்கம் வந்தது. 1984இல் அமெரிக்கப் படைத்துறை வலையமைப்பொன்றுக்காகத் தோன்றிய ரக்காக்ஸ் என்னும் முறையைச் சிஸ்கோ பின்னர் புதுக்கிற்று. 1991இல் றேடியஸ் என்ற மற்றொன்று தோன்றியது. றேடியஸ் கடவுச்சொல்லை மட்டுமே மறைக்கும். புதிய ரக்காக்ஸ் செய்தியின் உடல் முழுவதையும் மறைக்கும். இரண்டும் பயன்படுத்தும் மறைப்பு முறை பழமையானது. றேடியஸின் அந்தப் பழமையைக் கொண்டே அதனை ஏமாற்றலாம் என்று 2024ஆம் ஆண்டு யூலையில் ஆய்வாளர் நிறுவிக் காட்டினர். ஆகையால் இவ்விரண்டும் செல்லும் வழி பொதுவழியாக இருத்தல் ஆகாது. ரக்காக்ஸ் முறையிலே கொன்ரோலரின் ஒவ்வொரு பிரிவுக்கும் வெவ்வேறு உரிமை வழங்கலாம்; உரிமையில்லாத பிரிவை அவர் பார்க்கலாம், மாற்றமுடியாது. சேவையகம் எட்டாத வேளையில் நுழைவதற்கென்று உள்ளூர்க் கணக்கொன்றை மாத்திரம் மீதி வைத்தல் வேண்டும்.

அந்த ஒரு கணக்கைப் பற்றி ஒரு கதை. வடபகுதியில் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். அவர்களது வலையமைப்பை அமைத்த இளைஞர் கெட்டிக்காரர். கட்டடம் முழுவதற்கும் தனியொருவராகவே எல்லாவற்றையும் பூட்டினார். பின்னர் நம்மவர் பலரையும்போலக் கனடாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். கடவுச்சொல் எங்கே என்று எவரும் கேட்கவில்லை. எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். நான்கு ஆண்டுகள் கொன்ரோலருக்குள் எவரும் நுழையாமலே அது ஓடிற்று. புதிதாகக் கட்டிய மாடிக்கு அணுகற்புள்ளிகள் வாங்கிவந்தபோதுதான் திறப்பு இல்லை என்பது வெளியாயிற்று. குகையினுள் சென்று சொல்லை மறந்து, ஏனைய தானியங்களின் பெயரையெல்லாம் சொல்லிப் பார்த்த அலிபாபாவின் தமையன் காசிமைப்போல், அங்கிருந்த எழுதுவினைஞர் பாடசாலைப் பெயர், கோயிற் பெயர், நிறுவனம் தொடங்கிய ஆண்டு என்று யாவற்றையும் முயன்று பார்த்திருந்தார். காசிம் உள்ளே அகப்பட்டான். இவர்கள் வெளியே நின்றார்கள், அவ்வளவே வேறுபாடு.

என்னை அழைத்தார்கள். பழைய சிஸ்கோ கொன்ரோலர்களிலே இதற்கொரு வழி உண்டு. கொன்சோல் கம்பியைச் செருகி, பெட்டியை அணைத்து மீள எழுப்பி, பெயர் கேட்கும் இடத்திலே குறித்த ஒரு சொல்லை இட்டால் புதிய நிருவாகியை ஆக்கிக்கொள்ளலாம். வலையமைப்பு வழியாக இதனைச் செய்ய முடியாது. பெட்டியின் முன்னே உடலோடு நிற்கவேண்டும். அரை மணித்தியாலத்துள் உள்ளே சென்றுவிட்டேன். அவர்கள் மகிழ்ந்தார்கள். நான் கவனித்தது அந்த அறையின் கதவை. அதற்குப் பூட்டே இல்லை. பக்கத்தில் துடைப்பங்களும் பழைய கதிரைகளும் அடுக்கியிருந்தன. கொன்ரோலரின் உள்ளே மேலும் ஆறு நிருவாகிகளின் பெயர்கள் இருந்தன. அவர்களில் ஒருவரேனும் அப்போது அந்நிறுவனத்தில் இல்லை. அவர்களில் எவரும் தீங்கு செய்தனர் என்று நான் சொல்லவில்லை. செய்திருந்தால் அறிந்திருக்க வழியில்லை என்பதே என் கவலை. பதிவுகள் பெட்டியின் நினைவிலேயே இருந்து, நான் அதனை அணைத்தபோது அழிந்தன. அணைப்பதற்குமுன் இதனை எழுத்திலேயே அவர்களுக்கு அறிவித்திருந்தேன்.

தனியொரு நிறுவனத்தின் அசட்டை இதுவென்று தள்ளிவிடலாம். 2023ஆம் ஆண்டு ஒக்ரோபரில் நிகழ்ந்தது அவ்வாறு தள்ளக்கூடியதன்று. சிஸ்கோவின் புதிய கொன்ரோலர்கள் ஐ.ஓ.எஸ். எக்ஸ்.ஈ. என்னும் மென்பொருளில் இயங்குவன. அந்நிறுவனத்தின் வேறு பல கருவிகளும் அதனிலேயே இயங்குகின்றன. அதனை உலாவி வழியாக நிருவகிக்கும் பக்கத்திலே, கடவுச்சொல் எதுவும் இன்றியே புதிய நிருவாகி ஒருவரை ஆக்கிக்கொள்ளக்கூடிய ஓட்டை இருந்தமை அம்மாதம் 16ஆம் நாள் வெளியாயிற்று. தீவிரத்தை அளக்கும் பத்துப் புள்ளி அளவுகோலில் அதற்குப் பத்தும் கிடைத்தன. பின்னோக்கிப் பார்த்தபோது செப்ரெம்பர் 18 முதலே கள்வர் உள்ளே இருந்தமை தெரிந்தது. அவர்கள் ஆக்கிய கணக்குகளின் பெயர்களை நோக்குக: 'சிஸ்கோ_ராக்_அட்மின்', 'சிஸ்கோ_சப்போர்ட்'. நிறுவனத்தின் உதவிப் பிரிவு இட்ட பெயர் போலவே தோன்றும். பட்டியலைப் பார்க்கும் நிருவாகி, இது அவர்களுடையதாக்கும் என்று கடந்துவிடுவான். காவற்காரனின் சட்டையை அணிந்து வரும் திருடன் பழைய கதைகளில் உண்டு. இவன் சட்டையில் பெயரும் தைத்துக்கொண்டு வந்தான்.

உலகெங்கும் பல்லாயிரம் கருவிகளிற் கள்வர் ஒளிநிரல் ஒன்றை வைத்துவிட்டிருந்தமை கண்டறியப்பட்டது. சில நாட்களிலே அத்தொகை திடீரென வீழ்ந்தது. நோய் தணிந்தது என்று மகிழ்ந்தோர் உண்டு. உண்மையாதெனில், கள்வர் தங்கள் நிரலை மாற்றி, தாங்கள் அறிந்த அடையாளத்தோடு கேட்போருக்கு மாத்திரம் விடை சொல்லுமாறு செய்துவிட்டனர். கருவியை அணைத்து எழுப்பினால் அந்த நிரல் அழிந்துவிடும். ஆக்கப்பட்ட கணக்குகளோ அழியா. 22ஆம் நாள் முதல் திருத்தம் வரும்வரை சிஸ்கோ சொன்ன வழி ஒன்றே: இணையத்தை நோக்கியிருக்கும் அந்த நிருவாகப் பக்கத்தை நிறுத்திவிடுக. நிருவாகப் பக்கம் எதற்காக உலகத்தை நோக்கியிருந்தது என்ற கேள்வியை நான் பலரிடம் கேட்டேன். வீட்டிலிருந்து வேலை செய்ய வசதி என்றார் ஒருவர். ஏனையோர் அது திறந்திருந்ததையே அறியார்.

இத்தகைய முழுப்பத்து வேறு தடவைகளிலும் கொன்ரோலர்களுக்குக் கிடைத்துள்ளது. 2022 ஏப்ரலில் பழைய வகைகளின் குறித்த பதிப்புகளில், ஓர் அமைப்பு 'வேறு' என்று வைக்கப்பட்டிருந்தால் கடவுச்சொல் இன்றியே உள்நுழையலாம் என்பது தெரிந்தது. 2025 மே மாதத்தில் வெளியானது இன்னும் வேடிக்கையானது. அணுகற்புள்ளிகளுக்கு மென்பொருளை அனுப்பும் ஒரு வசதியில், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான அடையாளச்சீட்டு ஒன்று மென்பொருளுள்ளேயே எழுதப்பட்டிருந்தது. அதனைக் கண்டவர்கள் சிஸ்கோவின் சொந்தச் சோதனையாளர்களே. அவ்வசதி இயல்பாக அணைக்கப்பட்டே இருக்கும் என்பதையும் சொல்லவேண்டும். பின்னர் வெளி ஆய்வாளர் அதனைக் கிண்டிப் பார்த்தபோது, சீட்டைச் சரிபார்க்கும் இரகசியத் திறப்பு இருக்கவேண்டிய கோப்பு இல்லாவிடின், மென்பொருள் 'நொட்பவுண்ட்', அதாவது 'காணவில்லை', என்ற சொல்லையே திறப்பாகக் கொள்ளும் என்பது தெரிந்தது. திறப்பைக் காணவில்லை என்பதே திறப்பு! ஆக்கிய நிரலாளர் இதனைக் கனவிலும் கருதியிருக்கமாட்டார்.

நான் இப்பொழுது எங்ஙனம் செய்கின்றேன் என்று தொழிலுக்குப் புதியவர்கள் கேட்பதுண்டு. நிருவாகத்துக்கென்று தனி வலையமைப்பைப் பிரித்து, அதற்குள்ளிருக்கும் ஓரிரு கணினிகளிலிருந்து மட்டுமே கொன்ரோலருக்கு வழிவிடுவேன். அந்தக் கணினிக்குள் நுழையக் கடவுச்சொல்லோடு கைபேசியில் வரும் இரண்டாம் சான்றும் வேண்டும். ரெல்நெற்றும் மறைப்பில்லாத இணையப் பக்கமும் நிறுத்தப்படும். இயலுமாயின் மறைப்புள்ள பக்கமும் வேலை நேரத்துக்கு மட்டுமே. தொண்ணூறு நாளுக்கொரு முறை கடவுச்சொல்லை மாற்றும் சடங்கை நான் கைவிட்டுவிட்டேன். மனிதர் கடைசி எண்ணை ஒன்றாற் கூட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. நீண்ட சொற்றொடர் ஒன்றே போதும். வெளியே கசிந்ததாக ஐயம் வந்தால் அன்றே மாற்றவேண்டும்.

யார் வரலாம் என்ற காவற்பட்டியலை எழுதும்போது கை நடுங்கவேண்டும். பட்டியலின் முடிவிலே, எழுதாத ஒரு வரி உண்டு: ஏனையோர் அனைவரும் தடுக்கப்படுவர். அந்த 'ஏனையோரில்' எழுதியவனும் அடங்கிவிடலாம். கூரையிலுள்ள பெட்டிகளும் அடங்கிவிடலாம். ஆகையால் புதிய கொன்ரோலர்களில் பட்டியலை இடுமுன்னர், பத்து நிமிடத்தில் தானாகவே அணைந்து எழும்பு என்று கட்டளை கொடுத்துவிடுவேன். இட்டது தவறாயிருந்து நான் வெளியே தள்ளப்பட்டால், சேமிக்கப்படாத அந்த மாற்றம் பத்து நிமிடத்தில் அழிந்து பழைய நிலை வந்துவிடும். எல்லாம் சரியெனில் கட்டளையை நீக்கிவிட்டுச் சேமிப்பேன். தூர ஊரில் உள்ள பெட்டியைத் திருத்துவோர்க்கு இதனிலும் நல்ல நண்பன் இல்லை.

பதிவுகள் அனைத்தும் அந்த நொடியிலேயே வேறொரு கணினிக்குச் சென்றுவிடவேண்டும்; இரண்டின் கடிகாரமும் ஒத்திருக்கவேண்டும். மீதியுள்ள அந்த ஒரே உள்ளூர்க் கணக்கின் சொற்றொடரைக் கடுதாசியில் எழுதி, உறையிலிட்டு அரக்கு வைத்து, நிறுவனத்தின் இரும்புப் பெட்டியில் வைப்பிப்பேன். அதனைத் திறப்போர் இருவராக வரவேண்டும், கொப்பியிற் கையொப்பமிடவேண்டும். மேசை லாச்சியில் வைக்கவேண்டாம் என்று சொல்லவேண்டியிருப்பது நம் நாட்டின் நிலை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சம்பளப் பட்டியலைப் பார்க்கும் பிரதம இலிகிதரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, நிருவாகிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பேன். அவர் கணினி அறியாதவர், ஆட்களை அறிந்தவர். சென்ற தடவை ஆறாவது பெயரில் அவர் கையை உயர்த்தினார்.

"உந்தப் பிள்ளை மாசியோடை வேலையை விட்டுட்டுதே, தம்பி."

அப்போது ஆனி மாதம். அந்தக் கணக்கிலே கடைசியாக எவரும் நுழைந்த நாளைப் பார்த்தேன். தை மாதத்து இருபத்தெட்டாம் திகதி. அழித்துவிட்டு ஏழாவது பெயரை வாசித்தேன்.